ஆள் மாறினாலும் நிற்காத ஜாஸ் குழு: சிங்கப்பூரில் நடத்தும் முறை

நியூ ஆர்லியன்ஸ் பாணிப் பழைய ஜாஸ் குழுவில் ஏழு இருக்கைகள். முன்வரிசையில் ட்ரம்பெட், கிளாரினெட், ட்ராம்போன். பின்வரிசையில் பேன்ஜோ, பியானோ, டிரம்ஸ், ட்யூபா (அல்லது டபுள் பேஸ்). நெதர்லாந்தின் டச்சு ஸ்விங் காலேஜ் பேண்ட் 1945-இல் தொடங்கியது. நியூ ஆர்லியன்ஸின் ஜாஸ் அரங்கான பிரிசர்வேஷன் ஹால் 1961-இல். தொடங்கி வைத்தவர்கள் போய்விட்டார்கள், இசை நிற்கவில்லை. பிரிசர்வேஷன் ஹாலில் ட்யூபா ஊதிய ஆலன் ஜாஃபி 1987-இல் இறந்தார்; பின்னாளில் மகன் பென் ட்யூபாவோடு அந்த இடத்துக்கு வந்தார். ஒவ்வொரு இருக்கைக்கும் என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் இப்படிக் கைமாற்ற முடியும்.

சிங்கப்பூரில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. பள்ளி இசைக்குழுவில் ட்ராம்போன் கற்ற பையன் நன்றாகத் தேறிவரும் நேரத்தில் தேசிய சேவைக்குப் போய்விடுவான். இரண்டு ஆண்டு போய்விடும். ஆகவே ஆளை நம்பாதீர்கள், இருக்கையைக் கட்டுங்கள்.

தாளத்திலிருந்து தொடங்குங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவருக்கு ஸ்விங் நடையைச் சொல்லித்தர மிக எளிய வழி திஸ்ரம், அதாவது அடியை மூன்றாகப் பிரிக்கும் நடை. ஒவ்வோர் அடிக்கும் ‘தகிட’ சொல்லச் சொல்லுங்கள். பிறகு ‘த’வை நீட்டி, ‘கி’யை விழுங்கி, ‘ட’வை லேசாகத் தொடச் சொல்லுங்கள்: தா-ட, தா-ட. அதுதான் ஸ்விங். வேகம் ஏற ஏற அந்த ‘ட’ அடியின் நடுப்பகுதியை நோக்கி நகரும். மிக வேகமான பாட்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். அதைத் திருத்தப் போகாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

நடையை விட அழுத்தம்தான் நம்மவர்களுக்குக் கடினம். நம் கை சமத்தில், அதாவது முதல் அடியில், விழுந்தே பழகியது. இங்கே ட்யூபா 1, 3 அடிகளில் ஊன்றும். பேன்ஜோ நான்கு அடியிலும் அடித்து 2, 4-ஐச் சற்று அழுத்தும். கைதட்டலும் 2, 4-இல்தான். மெட்ரோனோமை 60-இல் வைத்து, அது அடிக்கும் ஒவ்வோர் ஒலியையும் இரண்டாம் அடி, நான்காம் அடி என்று எண்ணச் சொல்லுங்கள். பாட்டின் வேகம் 120 ஆகிவிடும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் நழுவி ஒலியை முதல் அடியாக எண்ணத் தொடங்குவார்கள். நிறுத்தி, மறுபடி. கால் 1, 3-இல் தட்டட்டும், கை 2, 4-இல் தட்டட்டும், வாய் எண்ணட்டும். இது வராத குழு எவ்வளவு நல்ல ட்ரம்பெட்காரரை வைத்திருந்தாலும் நடைபோடும் பட்டாளத்து பேண்ட் மாதிரிதான் கேட்கும்.

சுற்றுக் கணக்கையும் ஆதி தாளத்தில் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு பார் என்பது நான்கு அடி. பன்னிரண்டு பார் புளூஸ் என்பது 48 அடி, அதாவது ஒரு களையில் ஆறு ஆவர்த்தனம். முப்பத்திரண்டு பார் பாட்டு பதினாறு ஆவர்த்தனம். கல்பனாஸ்வரத்தில் வேண்டிய ஆவர்த்தனம் நீட்டிவிட்டு எடுப்புக்கு வரலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. தனியாக வாசிப்பவர் ஒரு சுற்று எடுத்தால் முழுச் சுற்று, இரண்டு எடுத்தால் முழு இரண்டு. எட்டாவது பாரில் கைச்சரக்கு தீர்ந்தால் மெட்டுக்குத் திரும்பி வாசித்து முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது.

சுருதி: இந்த பாணியில் பெரும்பாலான பாட்டு பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப். நம் கணக்கில் ஆறரை, இரண்டரை, நான்கு கட்டை. ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் இசைத்தாளில் எழுதியுள்ளதை விட ஒரு கட்டை கீழே ஒலிக்கும்; குழு ஆறரைக் கட்டையில் வாசிக்கும்போது அவர்கள் தாளில் சி இருக்கும். ட்ராம்போனும் பேன்ஜோவும் உள்ளது உள்ளபடி. புதிதாக வருபவர் அதிகம் குழம்பும் இடம் இதுதான், ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு சுருதியிலும் (ஒலிக்கும் சுருதி, ட்ரம்பெட்-கிளாரினெட்டுக்கு எழுதும் சுருதி) தாள் வைத்திருங்கள், ட்ராம்போனுக்கு பேஸ் கிளெஃபில் (கீழ் ஸ்தாயிக்கான குறியீட்டில்) தனியாக.

முன்வரிசை மூவரின் வேலைப் பிரிவினையில்தான் இந்த இசையின் உயிரே இருக்கிறது. ட்ரம்பெட் மெட்டைச் சொல்லும், நடு ஸ்தாயியில், நகாசு குறைவாக. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூச்சு விட வேண்டும். அந்த இடைவெளி கிளாரினெட்டுக்கு உரியது. கிளாரினெட் மேலே, கார்டின் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டின்) சுரங்களைக் கோத்துக்கொண்டு ஓடும். ட்ராம்போன் கீழே, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் பாலம் போடும். பி ஃபிளாட் செவன்த்திலிருந்து ஈ ஃபிளாட்டுக்குப் போகும் இடத்தைப் பாருங்கள். முதல் கார்டில் உள்ள ஏ ஃபிளாட் அரைக் கட்டை இறங்கி அடுத்த கார்டின் ஜி ஆகிறது. ட்ராம்போனில் அது மூன்றாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு ஒரே இழுப்பு. கார்டு மாறும் நொடியில் அந்தச் சறுக்கலை மட்டும் வாசித்துவிட்டு மற்ற நேரம் சும்மா இருக்கும் ட்ராம்போன்காரர், ஓயாமல் ஊதுபவரை விட நூறு மடங்கு மேல். ஊர்வல வண்டிகளில் ஸ்லைடு நீட்ட இடம் வேண்டி வண்டியின் பின்பலகையருகே உட்கார்ந்து வாசித்ததால் இந்தப் பாணிக்கு டெயில்கேட் என்று பெயர்.

கெட்டுப்போவது எப்போதும் ஒரே விதம்: மூவரும் மெட்டையே வாசிப்பார்கள், அல்லது மூவரும் ஒரே ஸ்தாயியில் முட்டிக்கொள்வார்கள். மருந்து, ஒத்திகையின் வரிசை. ஜாமிங் ஸ்டூடியோவையோ சமூக மன்ற அறையையோ மூன்று மணி நேரம் எடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ட்ரம்பெட்டுக்கு மியூட் போடலாம், டிரம்ஸுக்கு ஒன்றும் செய்ய முடியாது. முதல் அரை மணி பேன்ஜோவும் ட்யூபாவும் மட்டும். பிறகு டிரம்ஸ், பியானோ. அதன்மேல் ட்ரம்பெட் தனியாக மெட்டு. அடுத்த சுற்றில் ட்ராம்போன், அதற்கடுத்ததில் கிளாரினெட். மூவரும் சேர்ந்ததும் கைப்பேசியை மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து உடனே போட்டுக் கேளுங்கள். மெட்டு காதில் விழவில்லையா? கிளாரினெட்காரர் ஒரு சுற்று வாசிக்காமல் கேட்கட்டும்.

பாட்டின் அமைப்பை ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் புதிய ஆள் முதல் நாளே உட்காரலாம். கடைசி நான்கு பாரையே முன்னுரையாக வாசியுங்கள். எல்லோரும் சேர்ந்து இரண்டு சுற்று. கிளாரினெட், ட்ராம்போன், பியானோ, ட்ரம்பெட் ஆளுக்கு ஒரு சுற்று. மறுபடி எல்லோரும் இரண்டு சுற்று. நான்கு பார் டிரம்ஸ், பிறகு கடைசி நான்கு பாரை இன்னொரு முறை வாசித்து நிறுத்துங்கள். தலைவர் தன் தலையைத் தொட்டால் மெட்டுக்குத் திரும்ப வேண்டும். கீழ்நோக்கி மூன்று விரல் என்றால் மூன்று ஃபிளாட், அதாவது ஈ ஃபிளாட். சில குழுக்களில் விரல் வழக்கம் தலைகீழ், ஆகவே புதியவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி நம் ஊர் வெப்பமும் ஈரமும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஊதுகருவியின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். அரைக் கட்டைக்கு 100 சென்ட். குளிர்சாதன அறையில் 23 டிகிரியில் சுருதி சேர்த்துவிட்டு, 31 டிகிரியில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வாசித்தால் கணக்குப்படி 24 சென்ட் வித்தியாசம். மூச்சின் சூடு இதில் ஒரு பகுதியைக் குறைத்தாலும் மிச்சம் காதில் உறுத்தும், ஏனென்றால் பியானோ அப்படி ஏறாது, பேன்ஜோ தந்தி சூட்டில் இறங்கவே செய்யும். மேடையிலேயே பத்து நிமிடம் ஊதிவிட்டு, பிறகுதான் சுருதி சேருங்கள். ட்ரம்பெட்டில் சுருதி ஸ்லைடை வெளியே இழுக்க வேண்டும், கிளாரினெட்டில் ஊதுவாய்க்கு அடுத்துள்ள ‘பேரல்’ துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்.

மரக் கிளாரினெட்டின் எதிரி ஈரம் மட்டுமல்ல. குளிர்ந்த மரத்துக்குள் சூடான மூச்சு போனால் உட்புறம் விரியும், வெளிப்புறம் விரியாது. விரிசல் அப்படித்தான் விழுகிறது. ஊதும் முன் மேல்பகுதியைக் கையிடுக்கில் வைத்துச் சூடேற்றுங்கள். புதுக் கருவியை முதல் இரண்டு வாரம் நாளுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். வெளிமேடைக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்று வைத்திருப்பதே நல்லது. வீட்டில் கேமராவுக்கு விற்கும் டிரை பாக்ஸில் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். 40-க்குக் கீழே இறங்கினால் மரம் சுருங்கும். பேன்ஜோவுக்குக் கன்றுத்தோல் வேண்டாம். தோலின் நாதம் இனிமைதான், ஆனால் மழை வந்தால் தொய்ந்து, பிரிட்ஜ் தாழ்ந்து, தந்தி ஃப்ரெட்டில் உரசும். பிளாஸ்டிக் தோல் போதும்.

பொது இடத்தில் வாசிக்க, இடத்துக்கு நகர மன்ற அனுமதியும் நிகழ்ச்சிக்கு உரிமம் தேவையா என்பதும் பல வாரம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டுகளின் உரிமைக்கு, இயற்றியவர்கள் சார்பில் உரிமம் தரும் காம்பாஸ் அமைப்பு. சிங்கப்பூரில் பதிப்புரிமை, இயற்றியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 70 ஆண்டு. ஜாஸ் இசையமைப்பாளர் ஜெல்லி ரோல் மார்ட்டன் இறந்தது 1941, அவர் தனியாக இயற்றியவை தடையில்லாதவை. புளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1958, ஆகவே 2028 முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாடல் வரி எழுதியவர் வேறொருவர் என்றால் அவர் கணக்குத் தனி.

பணத்தை ஏழு பேருக்கு எட்டுப் பங்காகப் பிரியுங்கள். 1,200 வெள்ளி வந்தால் ஆளுக்கு 150, எட்டாவது 150 குழுவுக்கு: ரீட், தந்தி, அறை வாடகை.

கடைசியாக ஏடு. நாற்பது பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே தாள்: சுருதி, வேகம், கார்டு கட்டம், முன்னுரை, முடிவு. ஒவ்வோர் இருக்கைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு நிகழ்ச்சியும் அவர் கையில். தேசிய சேவைக்குப் போகிறவர் தன் ஏட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். விடுப்பில் வரும் வார இறுதியில் இரண்டாவது ஆளாக உட்காரட்டும்.