தொடக்கப் பள்ளியில் அயல்மொழி: செவியிலிருந்து தொடங்கும் கற்பித்தல்

ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அயல்மொழி கற்பிக்க முன்வரும் ஆசிரியர், பாடநூலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, குழந்தை வாய் திறக்கும்வரை எவ்வளவு காலம் அதைக் கேட்கவிடுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். புதிய மொழியைச் சந்திக்கும் குழந்தைகள் பலர் சில வாரங்களோ மாதங்களோ பேசாமல் இருப்பார்கள். ஆனால் கேட்பதன் பொருள் அவர்களுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வலியுறுத்திய இந்த மௌனக் காலத்தைக் கற்றல் குறைபாடாகக் கருதி, முதல் நாளிலேயே "சொல், சொல்" என்று நெருக்குவது குழந்தையை அந்த மொழியிடமிருந்தே விலக்கிவிடும்.

மௌனக் காலத்தில் வகுப்பு சும்மா இருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய, உடலசைவால் மறுமொழி தரும் முறை இங்கே பெரிதும் உதவும். "எழுந்திரு", "கதவைத் தொடு" போன்ற கட்டளைகளை ஆசிரியர் புதிய மொழியில் சொல்லிக்கொண்டே தாமும் செய்து காட்ட வேண்டும். சில நாள்களில் செய்து காட்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்ல மட்டும் வேண்டும். அதன்பின், குழந்தைகள் முன்பு கேட்டிராத வகையில் பழைய சொற்களைச் சேர்த்து, "சிவப்புப் பென்சிலை நாற்காலிக்கு அடியில் வை" என்று சொல்லிப் பார்க்கலாம். குழந்தை தயங்காமல் வைத்துவிட்டால், அது மனப்பாடத்தால் நிகழவில்லை, புரிதலால் நிகழ்ந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம். பிறகு ஒருநாள், கட்டளையிடும் பொறுப்பை விரும்பும் குழந்தைக்குக் கொடுங்கள். ஆசிரியரையே ஆட்டிவைக்கும் வாய்ப்புக்காக, அதுவரை வாய் திறவாதவர்களும் பேச முன்வருவார்கள்.

கதைக்கும் இதே பொறுமை தேவை. ஒரே வரி அடிக்கடி திரும்பி வரும் படக்கதையைப் பல நாள் வாசித்து, அந்த வரி வரும் இடத்தில் நிறுத்திக் காத்திருந்தால், குழந்தைகள் தாமாகவே நிரப்புவார்கள்.

எழுத்தை அவசரப்பட்டு நுழைக்க வேண்டாம். குழந்தை ஏற்கெனவே சொல்லப் பழகிய சொற்களை மட்டுமே பலகையில் எழுதிக் காட்டுவது நல்லது. இல்லாவிட்டால், குறிப்பாக இரு மொழிகளுக்கும் ஒரே வரிவடிவம் என்றால், குழந்தை தன் தாய்மொழி ஒலிகளைக் கொண்டே படித்து, தவறான உச்சரிப்பை நிலைப்படுத்திக்கொள்ளும்.

தவறுகளைத் திருத்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கனடாவின் பிரெஞ்சு மொழி வகுப்புகளை ஆராய்ந்து ராய் லிஸ்டர், லெய்லா ரன்டா ஆகிய இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்ட வழி, மாணவரின் தவறான வாக்கியத்தைச் சரியாகத் தாமே திருப்பிச் சொல்வதாக இருந்தது. மாணவரிடமிருந்து மிகக் குறைந்த மறுமொழியைப் பெற்றதும் அதே வழிதான். ஆகவே, "ஒரு பூனையா, இரண்டு பூனைகளா?" என்பது போன்ற கேள்வியால் குழந்தையே சரியான வடிவத்தை எட்டும்படி செய்வது பயன் தரும். என்றாலும் கதை சொல்லும் ஆர்வத்தில் இருக்கும் குழந்தையை இடைமறித்துத் திருத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்தில் ஒரே நாள் 100 நிமிடம் நடத்துவதைவிட ஐந்து நாளும் 20 நிமிடம் நடத்துவது மேல். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சந்திப்பதே நினைவில் தங்கும்.

பெற்றோரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கார்மென் முனோஸ் தலைமையில் பார்சிலோனாவில் நடந்த ஆய்வுகளில், சம அளவு வகுப்பு நேரம் பெற்றவர்களுள் பிந்திய வயதில் தொடங்கியவர்களே வேகமாக முன்னேறினர். இளம் வயதுத் தொடக்கம் பலன் தர, கேட்கும் வாய்ப்பு நிறைய வேண்டும், கற்பித்தல் அறுபடாமலும் தொடர வேண்டும். அடுத்த வகுப்பில் எல்லாம் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினால் சேர்த்தது வீணாகும் என்பதால், ஆண்டு முடிவில் குழந்தைகள் கேட்ட கதைகள், புரிந்துகொள்ளும் கட்டளைகள், தாமாகப் பேசும் வாக்கியங்கள் ஆகியவற்றை எழுதி அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.