இந்த நம்பர் பிளேட் எந்த நாடு? பலரும் சறுக்கும் இடங்கள்

விநோதமான நம்பர் பிளேட் ஒன்று கண்ணில் பட்டதும் பலரும் முதலில் தேடுவது நாட்டுக் குறியீட்டைத்தான், சறுக்குவதும் அங்கேதான். ‘சிஎச்’ என்று இருந்தால் சீனா என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது சுவிட்சர்லாந்து, அந்நாட்டின் லத்தீன் பெயரான கான்ஃபெடரேஷியோ ஹெல்வெட்டிகாவின் சுருக்கம். சீனாவுக்கு ‘சிஎச்என்’. ஸ்பெயினுக்கு ‘இ’, தென்னாப்பிரிக்காவுக்கு ‘இசட்ஏ’, இலங்கைக்கு இன்னமும் சிலோன் காலத்து ‘சிஎல்’தான். ஆங்கிலப் பெயரை வைத்து ஊகிப்பது வேலைக்கு ஆகாது. பழைய போட்டோ என்றால் இன்னும் கவனம் வேண்டும்: பிரிட்டன் ‘ஜிபி’யை விட்டு ‘யுகே’வுக்கு மாறியதே 2021 செப்டம்பரில்தான்.

அப்புறம் அந்த நீலப் பட்டை. இடது ஓரத்தில் நீலம் தெரிந்தாலே ஐரோப்பிய ஒன்றியம் என்று சொல்லிவிடுகிறார்கள். 12 மஞ்சள் நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். துருக்கியின் பட்டையில் வெறும் ‘டிஆர்’ மட்டும் இருக்கும், நார்வேயில் நட்சத்திரத்துக்குப் பதில் அந்நாட்டுக் கொடி. சரி, நட்சத்திரமும் இருக்கிறது, ஜெர்மனியின் ‘டி’யும் இருக்கிறது, ஆனால் போட்டோ எடுத்தது அமெரிக்காவில் என்றால்? அங்கே பல மாநிலங்களில் முன்பக்க பிளேட் கட்டாயமில்லை, அதனால் ஜெர்மன் கார் வைத்திருப்பவர்கள் சிலர் ஆசைக்கு ஒன்றை வாங்கி முன்னால் மாட்டிவிடுவார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் 12 அங்குலத்துக்கு 6 அங்குல அசல் பிளேட் உட்கார்ந்திருக்கும்.

நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. நெதர்லாந்திலும் இஸ்ரேலிலும் சாதாரண சொந்தக் காருக்கே மஞ்சள்தான், ஜப்பானில் அதே மஞ்சள் ‘கெய்’ எனப்படும் சின்ன எஞ்சின் காருக்கு. பிரிட்டனில் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்பதால், ஒரே காரின் இரண்டு போட்டோக்களை வைத்துக்கொண்டு இரண்டு நாடு என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

எழுத்து ஆங்கிலமாகத் தெரிகிறது, எனவே ரஷ்யா இல்லை என்பார்கள். ரஷ்ய பிளேட்டில் லத்தீன் எழுத்துகளைப் போலவே இருக்கும் 12 சிரிலிக் எழுத்துகள் மட்டுமே வரும், அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. வலது ஓரத்துக் கட்டத்தில் வட்டார எண்ணும் அதன் கீழே ‘ஆர்யுஎஸ்’ஸும் இருக்கும், அதைப் பாருங்கள்.

நாடு தெரிந்த பிறகு ஊரையும் சொல்லிவிடும் ஆசை வரும். பிரான்ஸ் பிளேட்டின் வலது பட்டையில் 75 என்று இருந்தால் அது பாரிஸின் எண்தான், ஆனால் 2009 முதல் அந்த எண்ணைக் கார்க்காரர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம், அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியிலும் 2015 முதல் வேறு ஊருக்குக் குடிபோகிறவர் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், ஆகவே ‘எம்’ என்று தொடங்கும் மியூனிக் கார் பெர்லினில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கலாம்.