குரோட்டன்ஸ் இருந்த இடத்தில் கீரை வேலி

வாசலில் அழகுக்கென்று குரோட்டன்ஸ் வைப்பவர்கள், அதே வரிசையில் தவசிக்கீரையை வைத்துப் பாருங்கள். முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, முக்கால் அடி இடைவெளியில் ஊன்றினால் துளிர்த்துவிடும். இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளத் தொடங்குங்கள். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் விட்டு வேலி அடர்ந்துகொண்டே போகும், கிள்ளியது பொரியலுக்கு. ஒன்று மட்டும் கவனம்: இதைச் சமைத்தே சாப்பிட வேண்டும். பச்சையாகச் சாறெடுத்துத் தினமும் குடித்தால் நுரையீரலுக்குக் கேடு.

வேலிக்கு முன்னால் சிவப்புத் தண்டுக்கீரை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தால் களை போலத்தான் தெரியும். ஒரே இடத்தில் நெருக்கமாக விதைத்தால் பட்டு விரித்தது போல இருக்கும். பாதை ஓரத்துக்குக் கற்பூரவல்லி போதும்.

வாசல் கேட்டின் மேல் கொடிப்பசலை ஏற்றலாம். சிவப்புத் தண்டு வகைதான் அழகு. ஆனால் பழம் உதிர்ந்தால் ஊதாக் கறை படியும், என் வீட்டு வெள்ளைப் படிக்கட்டே சாட்சி. கறைக்குப் பயந்தால் சங்குப்பூ ஏற்றுங்கள். அதன் நீலத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அரளியையும் செங்காந்தளையும் இந்தத் தோட்டத்தில் கலக்கவே வேண்டாம்; இரண்டும் நஞ்சு. நர்சரியில் வாங்கிய செடியில் மருந்து அடித்திருக்கக்கூடும். இருக்கும் இலைகளைக் கழித்துவிட்டு, புதுத் துளிர் வந்த பிறகே சமையலுக்குப் பறியுங்கள்.