வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சுத் தசையை ஸ்கேனில் பார்ப்பது எப்படி: முதன்முறை புரோப் பிடிப்பவர்களுக்கு

சாயல்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர், தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் தீண்டியவர், பூச்சிமருந்து குடித்தவர், காலமெல்லாம் பீடி குடித்து நுரையீரல் கெட்டுப்போன மீனவர். நம் கடற்கரை ஊர்களின் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் கிடப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். காரணம் ஆளுக்கு ஆள் மாறினாலும் நான்காம் நாள் நம் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றே: குழாயை எடுத்தால் இவருடைய தசை தாங்குமா?

மூச்சை உள்ளே இழுக்கும் வேலையில் பெரும்பங்கு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்துடையது. இயந்திரமே முழு மூச்சும் கொடுத்துக்கொண்டிருந்தால் அது வேகமாக மெலிந்துவிடும். மூளைச்சாவு அடைந்தவர்களிடம் எடுத்த தசை மாதிரிகளை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் அசையாமல் இருந்த உதரவிதானத் தசை நார்களின் குறுக்களவு, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவர்களுடைய அளவில் பாதிக்கும் கீழே இருந்தது. அதனால் தினமும் பார்க்க வேண்டிய தசை இது, அதற்கு நோயாளியை எங்கும் நகர்த்தத் தேவையில்லை, வார்டில் இருக்கும் சாதாரண அல்ட்ராசவுண்டும் அதன் புரோப்பும் (கையில் பிடித்து உடலில் வைக்கும் முனை) போதும்.

புரோப் எடுப்பதற்கு முன்

வென்டிலேட்டர் திரையைப் பார்த்து எந்த மோட் (இயந்திரம் மூச்சு கொடுக்கும் முறை), எவ்வளவு பிரஷர் சப்போர்ட் (நோயாளி இழுக்கும்போது இயந்திரம் தரும் உந்துதல்), பீப் (மூச்சு விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் இயந்திரம் நிறுத்திவைக்கும் அழுத்தம்) எவ்வளவு, மயக்க மருந்து ஓடுகிறதா, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருக்கிறதா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். புதியவர்கள் தாவிவிடும் இடம் இது, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதைத்தான், ஏனென்றால் இயந்திரம் காற்றைத் தள்ளும்போது செயலிழந்த உதரவிதானம்கூடக் கீழே இறங்கும், திரையில் பார்ப்பதற்கு அழகாக வேலை செய்வது போலவே இருக்கும். அந்த அசைவில் நோயாளியின் பங்கு எவ்வளவு, இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று படம் சொல்லாது.

அப்புறம் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். நாளைக்கும் அதே கோணம் இருக்கட்டும். விழித்திருப்பவரிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். "அண்ணே, பயப்படாதீங்க, விலாவுல கொஞ்சம் ஜெல் வைக்கிறேன்" என்பது போதும். கீழக்கரைக்காரர் என்றால் அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் 'காக்கா' என்று கூப்பிட்டுப் பாருங்கள், முகமே மாறும்.

தடிமன் பார்ப்பது

தோலுக்கு அருகே உள்ளதைத் துல்லியமாகக் காட்டும் லீனியர் புரோப்பை (நேரான முனை கொண்டது) எடுங்கள். வலப்பக்கம், அக்குளின் முன்கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே, 8-ஆவது முதல் 10-ஆவது விலா இடைவெளிக்குள் வையுங்கள். ஆழம் 3 அல்லது 4 சென்டிமீட்டர் போதும். மூச்சு இழுக்கும்போது நுரையீரல் திரை போல வந்து படத்தை மறைத்தால் ஓர் இடைவெளி கீழே இறங்குங்கள். கல்லீரலுக்கு மேலே இரண்டு வெள்ளைக் கோடுகளும் நடுவே கருப்புப் பட்டையுமாக, பாம்பன் பாலத்துத் தண்டவாளத்தை மேலிருந்து பார்ப்பது போலத் தெரிவதுதான் உதரவிதானம். மேலே தெரிவது நுரையீரல் உறையின் கோடு, கீழே வயிற்றறை உறையின் கோடு, நடுவில் உள்ள கருப்புதான் தசை.

கோடுகள் இரண்டும் கூர்மையாகும்வரை புரோப்பை லேசாகச் சாயுங்கள். சாய்வாக வெட்டினால் தசை உண்மையைவிடத் தடிமனாகத் தெரியும். பிறகு எம்-மோட் (ஒரே கோட்டில் நடக்கும் அசைவை நேரப்போக்கில் வரைந்து காட்டும் முறை) போட்டு, மூச்சு விட்டு முடித்த இடத்தில் ஓர் அளவு, இழுத்து முடித்த இடத்தில் ஓர் அளவு, வெள்ளைக் கோடுகளைச் சேர்க்காமல் உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூச்சு விட்டபோதைய அளவால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் தடிப்பு விகிதம். விட்டபோது 2.0 மில்லிமீட்டர், இழுத்தபோது 2.6 என்றால் 30 சதவீதம்.

இங்கே 0.2 மில்லிமீட்டர் கை தவறினாலே விகிதம் 10 சதவீதம் மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். அதனால் குறைந்தது மூன்று மூச்சுக்கு எடுத்துச் சராசரி பாருங்கள். முதலில் உங்கள் டூட்டி நண்பரின் விலாவில் பழகுங்கள், நோயாளியிடம் அல்ல.

நோயாளி தன் முயற்சியில் மூச்சு இழுக்கும்போது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தசை பலவீனம் என்று சந்தேகப்படலாம். 30 சதவீதத்தை ஒட்டியோ மேலேயோ இருந்தால் நம்பிக்கை தரும் அறிகுறி. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு இந்த எல்லை மாறுகிறது, அந்த ஓர் எண்ணை வைத்துக் குழாயை எடுப்பதும் தவறு, எடுக்க மறுப்பதும் தவறு. தூக்க மருந்தின் பிடியில் இருப்பவருக்கும், இயந்திரமே எல்லா வேலையும் செய்பவருக்கும், தசை நன்றாக இருந்தாலும் எண் குறையும். திரையில் வந்த எண்ணை, முதலில் எழுதிய தாளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அசைவு பார்ப்பது

இதற்கு வளைந்த புரோப் அல்லது எக்கோவுக்கான புரோப். வலது விலா எலும்புகளுக்குக் கீழே, காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் வைத்து, மேல்நோக்கியும் பின்நோக்கியும் சாய்த்தால் கல்லீரலுக்கு அப்பால் பளிச்சென்று வளைந்த கோடு தெரியும். எம்-மோட் கோட்டை அதில் செங்குத்தாக விழ வையுங்கள். இழுக்கும்போது கோடு புரோப்பை நோக்கி வர வேண்டும். அமைதியான மூச்சில் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை வருவது இயல்பு, 1-க்குக் கீழே என்றால் குறைவு. மாறாகப் புரோப்பை விட்டு விலகினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து உதரவிதானம் முடங்கியிருக்க வாய்ப்புண்டு. கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவட மட்டத்திலிருந்துதான் இந்தத் தசையின் நரம்பு கிளம்புகிறது என்பதால், பனையிலிருந்து விழுந்தவருக்கு இரண்டு பக்கமும் கட்டாயம் பாருங்கள். இடப்பக்கம் மண்ணீரல் சிறிய ஜன்னல், வயிற்றுக் காற்று வேறு மறைக்கும், பொறுமை வேண்டும்.

அசைவை அளக்கும்போது மட்டும் வென்டிலேட்டர் உதவி இருக்கவே கூடாது. குழாய் எடுப்பதற்கு முன் செய்யும் தன்மூச்சுச் சோதனையில், மூத்த மருத்துவர் பக்கத்தில் இருக்க, டி-பீஸில் (வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டுக் குழாயில் மாட்டும் டி வடிவ இணைப்பு) இருக்கும்போது பாருங்கள்.

துணைத் தசை

நேரம் இருந்தால் மார்பெலும்பிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டாவது மூன்றாவது விலாக்களுக்கு நடுவே லீனியர் புரோப்பை நெடுக்காக வையுங்கள். அங்குள்ள விலா இடைத் தசை அமைதியான மூச்சில் தடிப்பதே தெரியாது. அது கண்ணுக்குத் தெரியத் தடிக்கிறது, உதரவிதானமோ சோம்பிக் கிடக்கிறது என்றால் மூச்சின் சுமையை இந்தச் சின்னத் தசைதான் தூக்குகிறது. திணறல் வெளியே தெரிவதற்கு முன்பே இந்தப் படம் உஷார்ப்படுத்தலாம்.

முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துவிட்டு, புரோப் வைத்த இடத்தைத் தோலில் அழியாத பேனாவால் குறியுங்கள். புரோப்பை உங்கள் மருத்துவமனையின் கிருமிநீக்கத் திரவத்தால் துடைக்காமல் அடுத்த படுக்கைக்கு நகராதீர்கள். நோயாளியை மதுரைக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தத் தாளையும் கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பின் அடித்து அனுப்புங்கள், அங்கே இரவு டூட்டியில் இருப்பவர் அதே குறியில் புரோப்பை வைத்து உங்கள் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வார்.