காலிஃபிளவர் பூ மஞ்சளாகாமல் காப்பது எப்படி?

பூ மஞ்சளடித்ததும் உரக்கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் வெயில் நேராகப் பட்டதுதான் காரணம். சாப்பிடலாம், கெடுதல் இல்லை, ஆனால் நிறமும் ருசியும் குறைந்துவிடும். இதைத் தடுக்க அந்தச் செடியின் இலையையே பூ மேல் மூடிக் கட்டினால் போதும்.

முதலில், எப்போது கட்டுவது? நடுவில் இலையை விலக்கிப் பாருங்கள். பூ கோழிமுட்டை அளவுக்கு வந்து வெளியே எட்டிப்பார்க்கத் தொடங்கினால் அதுதான் நேரம். ஒரே நாளில் நட்ட செடிகள்கூட ஒன்றாகப் பூ வைக்காது, அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாத்தியைச் சுற்றி வந்து, வந்த பூவை மட்டும் கட்டிக்கொண்டே போக வேண்டும். சில ரகங்களில் உள்ளிலைகளே பூவை மூடிக்கொள்ளும், அவற்றை விட்டுவிடலாம்.

அடுத்து, கட்டும் முறை. காலைப் பனி நன்றாகக் காய்ந்த பிறகு, வெளிப்பக்கத்துப் பெரிய இலைகளில் நாலைந்தைச் சேர்த்துப் பூவுக்கு மேலே கொண்டுவந்து, நுனிப்பக்கம் வாழைநாராலோ சணலாலோ லேசாகக் கட்டுங்கள். இறுக்கினால் பூ பெருக்க இடமிருக்காது, காற்றும் போகாது. நார் கைவசம் இல்லையா? ஒரு பெரிய இலையின் நடுநரம்பை மட்டும் மடக்கி ஒடித்துப் பூ மேல் கவிழ்த்துவிட்டாலும் சரிதான். ஈரத்தோடு மட்டும் கட்டவே கூடாது, உள்ளே புழுங்கிப் பழுப்புப் புள்ளி விழுந்து அழுகிவிடும்.

அதனால்தான் மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சமவெளியில் அக்டோபர், நவம்பரில் நட்டால் வடகிழக்குப் பருவமழை எந்த நேரமும் வரலாம். மழை விட்டதும் கட்டை அவிழ்த்து, தேங்கிய நீரை உதறி, அப்படியே புழு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, காய்ந்த பிறகு திரும்பக் கட்டுங்கள். மற்ற நாட்களில் தண்ணீரை வேருக்கு ஊற்றுங்கள், பூ மேல் வேண்டாம்.

நீலகிரி மாதிரி டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடத்தில் இலை மட்டும் போதாது. பாத்தியைச் சுற்றிக் குச்சி நட்டு, செடியில் படாதபடி சாயங்காலமே பழைய சேலையைப் போர்த்தி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

கட்டிய பிறகு மறந்துவிடாதீர்கள். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்துக்குள்ளேயே பூ தயாராகிவிடும், குளிரில் அதைவிட நாளாகும். அரிசி அரிசியாகத் துருத்தத் தொடங்கினால் இன்னும் பெருக்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை, அன்றைக்கே அறுத்துவிடுங்கள், சுற்றி நாலு இலையை விட்டு அறுத்தால் பூ நசுங்காது.