வைஃபை பாஸ்வேர்டு: செல் நம்பரை மட்டும் வைக்காதீர்கள்

வீடுகளுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். நாங்கள் வந்த காலத்தில் நடந்த அதே தவறுகள் இன்றும் அப்படியே நடக்கின்றன. பாஸ்வேர்டே இல்லாமல் விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

செல் நம்பரே பாஸ்வேர்டு

"பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் சார்?"

"என் நம்பரையே போட்டுடு தம்பி."

தம்பியும் போட்டுவிட்டு வந்துவிடுகிறான். எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்காரம்மா, நெட் இழுக்கவில்லை என்று காசு கூடுதலாகக் கட்டிப் பெரிய பிளானுக்கு மாறினார். அப்படியும் மாதம் முடியும் முன்பே வேகம் படுத்துவிடும். ரௌட்டருக்குள் போய் இணைந்திருப்பவற்றின் பட்டியலைப் பார்த்தால், அந்த வீட்டில் இல்லாத போன்கள், யாருடையதோ ஒரு டிவி. வாசல் கேட்டில் டு-லெட் போர்டு தொங்கியது. அதில் கொட்டை எழுத்தில், அவர் பாஸ்வேர்டாக வைத்திருந்த அதே பத்து எண்கள். மாற்றச் சொன்னால், "அப்போ என் மகன் நம்பரைப் போடுப்பா" என்றார். உட்கார்ந்து விளக்க வேண்டியதாயிற்று.

போர்டே இல்லாவிட்டாலும் ஆபத்துதான். உங்கள் போன் வைஃபையில் சேரும்போது ரௌட்டரோடு சில செய்திகளைக் காற்றில் பரிமாறிக்கொள்கிறது. தெருவில் நிற்பவர் அதைப் பிடித்துக்கொண்டு போய், தன் கணினியில் வைத்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்க்கலாம். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ-2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ரௌட்டருக்கு இது தெரியவே தெரியாது. நம் ஊர் செல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் முயலும். 4,000 நொடி போதும், ஒரு மணி நேரம் சொச்சம்!

நெட் திருட்டோடு இது முடிவதில்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை வந்து நின்றது அவர் வீட்டில். கனெக்‌ஷன் யார் பெயரிலோ, முதல் கேள்வி அவருக்குத்தான்.

ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு சொற்களை எடுங்கள். கிணறு, மூக்குத்தி, சனிக்கிழமை, பல்லி என்பது போல. ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. பாட்டிக்கும் நினைவில் நிற்கும். ரௌட்டரும் போன்களும் புதியவை என்றால் அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ-3 முறையைப் போடுங்கள், அதில் இப்படிப் பிடித்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்க்க முடியாது.

ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டு

இது வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இதை வைத்துத்தான் ரௌட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடங்களை மால்வேர் எனும் நாசகார மென்பொருள் ஒன்று முடக்கியபோது, மாற்றாமல் விட்ட 'அட்மின்' பாஸ்வேர்டுதான் அதற்கு வழிவிட்டது. கனெக்‌ஷன் கொடுத்த அன்றே, வீட்டுக்காரர் கையாலேயே மாற்றவையுங்கள்.

டபிள்யூபிஎஸ்

பாஸ்வேர்டு அடிக்காமல், பட்டனை அழுத்தியோ பின் நம்பர் போட்டோ வைஃபையில் சேரும் வசதி இது. அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சியில் திறந்துவிடும் என்பது 2011-லேயே வெளிவந்த விஷயம்.

வைஃபை பெயரை மறைப்பது

பாதுகாப்பு இல்லை. வீண் வேலை.

ரௌட்டரை பரணில் வைப்பது

கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெகுவாக இளைத்துவிடும், 2.4 ஓரளவு தாக்குப்பிடிக்கும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள்.

விருந்தாளி, கேமரா, டிவி

மூன்றுக்கும் கெஸ்ட் நெட்வொர்க், அதாவது அதே ரௌட்டரில் வீட்டு வைஃபையிலிருந்து பிரித்து வைக்கும் தனி வைஃபை.