ஏற்காடு தொகுதி எம்எல்ஏ அப்டேட் எழுதுறது எப்படி?

மாசாமாசம் எம்எல்ஏ ஆபீஸ் சார்பா வாட்ஸ்அப்ல சேதி போடுறவங்களுக்கு இது. மொதல்ல அந்த பூமி பூஜை போட்டோவ ஓரமா வைங்க, ஜனங்க தேடுறது எங்க ஊர் ரோடு என்னாச்சுங்கறதத்தான். ஏற்காடு தொகுதின்னா மலை மட்டும் இல்லைங்க, கீழ வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமும் சேர்ந்தது, அதனால மேல தனியா கீழ தனியா பிரிச்சு எழுதுங்க, இல்லன்னா வாழப்பாடிக்காரரு கொண்டை ஊசி வளைவு சேதிய பாத்ததும் மூடிட்டு போயிருவாரு.

வேலைய பத்தி எழுதுனா எந்த ஊரு, எவ்ளோ காசு, எந்த நிதி, மூணும் கட்டாயம் வேணும். தொகுதி மேம்பாட்டு நிதி வருசத்துக்கு 3 கோடிதான், பஞ்சாயத்து போட்ட ரோட்ட நம்ம கணக்குல சேத்தா குரூப்லயே கிழிச்சிருவாங்க (பட்டுட்டேன்!).

மே மாசம்னா சேர்வராயன் கோயில் திருவிழா, கோடை விழா, 1ஆம் தேதி கிராம சபை. விழாவுக்கு ஜனக்கூட்டம் சேர்ற நாள்ல மலைல இருந்து எறங்குற வண்டிய குப்பனூர் ரோடு வழியா திருப்பி விட்டா அதையும் போடுங்க.

மலைல சிக்னல் கம்மி, வீடியோ வேணாம், ஒரு நிமிச ஆடியோ போதும். அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல யாருக்காச்சும் போன் போட்டு "தண்ணி வந்துச்சாண்ணா"ன்னு கேட்டுக்கங்க.